பஞ்சத்துக்குப் பழகிய உடம்பு

கோவில்பட்டிப் பக்கம் எடை குறைக்க முயன்றவர்களின் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிகிறது. சர்க்கரை கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னதும், அல்லது வீட்டில் ஒரு கல்யாணம் நெருங்கியதும், ஒருவர் சோற்றை அடியோடு நிறுத்துகிறார். காலையில் பாதாமும் பட்டர் டீயும், மத்தியானம் முட்டையும் வெள்ளரிக்காயும், ராத்திரி ஒன்றுமில்லை. முதல் வாரத்திலேயே இரண்டு மூன்று கிலோ இறங்கிவிடுகிறது. பார்ப்பவர்கள் எல்லாம் விசாரிக்கிறார்கள். நான்கு மாதம் கழித்து இறக்கம் நின்றுபோகிறது. தீபாவளி வருகிறது, ஒரு துக்க வீடு வருகிறது, மழைக்காலம் வருகிறது. மறுவருஷம் அதே தராசில் ஏறி நின்றால் பழைய எடை காட்டுகிறது. "கூட ரெண்டு கிலோவும் சேந்துருச்சு" என்கிறார். என்ன ஆயிற்று என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "எனக்கு வைராக்கியம் பத்தல."

அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. எடை திரும்பி வந்ததற்கு அவர் மனம் பொறுப்பல்ல. எண்பது ஆண்டு ஆராய்ச்சி அதற்குச் சாட்சி சொல்கிறது. அது தெரியாததால் எத்தனையோ பேர் தங்களைத் தாங்களே குற்றவாளியாக்கிக்கொண்டு, முயற்சியை நிரந்தரமாகக் கைவிட்டுவிடுகிறார்கள். கைவிடுவதுதான் உண்மையான நஷ்டம்.

முதல் வாரத்தில் குறைந்த அந்த இரண்டு மூன்று கிலோவை முதலில் பார்ப்போம். நம் கல்லீரலும் தசைகளும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சோற்றை நிறுத்தினால் அந்தக் கையிருப்பு சில நாளில் தீர்ந்து, தண்ணீர் சிறுநீராக வெளியேறிவிடுகிறது. தராசு காட்டிய எண்ணில் பெரும்பங்கு இதுதான். கொழுப்பு அந்த வேகத்தில் கரைவதில்லை. திரும்பச் சாப்பிட்ட இரண்டாம் நாளே ஒன்றரைக் கிலோ ஏறினால் அதுவும் தண்ணீர்தான். ஆனால் மனம் அந்த முதல் வார வேகத்தையே கணக்காக வைத்துக்கொள்கிறது. பிறகு வரும் மாதங்கள் எல்லாம் தோல்வியாகத் தெரிகின்றன.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியலாளர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். போரில் பட்டினி கிடக்கும் ஐரோப்பிய மக்களை எப்படி மீட்பது என்று அறிவதே நோக்கம். கொள்கை காரணமாக ஆயுதம் ஏந்த மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். 24 வாரம் அவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1570 கலோரி உணவு தரப்பட்டது. இந்த அளவைக் கவனிக்க வேண்டும். இன்று பல டயட் அட்டவணைகள் இதைவிடக் குறைவாகத்தான் சொல்கின்றன. அந்த இளைஞர்கள் எடையில் கால் பங்கை இழந்தார்கள். அதைவிட முக்கியம், அவர்களுடைய மனத்தில் நடந்தது. சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். கனவிலும் சாப்பாடு வந்தது. தட்டை நக்கினார்கள். சிடுசிடுப்பும் சோர்வும் சேர்ந்துகொண்டன, எதிலும் நாட்டம் இல்லாமல் போனது. போர்க்காலத்தில் சிறைக்கும் அவப்பெயருக்கும் அஞ்சாமல் தங்கள் கொள்கையில் நின்றவர்கள் அவர்கள். மனஉறுதியில் யாருக்கும் குறைந்தவர்களல்லர். பரிசோதனை முடிந்து இஷ்டம்போல் சாப்பிட விட்டபோது, வயிறு நிறைந்த பிறகும் பசி அடங்கவில்லை. இழந்த தசை திரும்புவதற்குள் கொழுப்பு திரும்பிவிட்டது. பலருக்குப் பழைய அளவையும் தாண்டியது. "கூட ரெண்டு கிலோ" என்பது கோவில்பட்டியில் மட்டும் நடப்பதல்ல.

இதன் உள்ளே என்ன இயங்குகிறது என்பது புரிய இன்னும் ஐம்பது ஆண்டு ஆயிற்று. 1994-ல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. கொழுப்புத் திசுவே அதைச் சுரக்கிறது. கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்கு அது தகவல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும். மூளை அபாயம் என்று எடுத்துக்கொள்ளும். 1999-ல் ஜப்பானில் கண்டறியப்பட்ட கிரெலின், இரைப்பையிலிருந்து கிளம்பிப் பசியைத் தூண்டும் ஹார்மோன். 2011-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 50 பேரைப் பத்து வாரக் கடும் டயட்டில் வைத்தார்கள். சராசரியாகப் பதின்மூன்றரைக் கிலோ குறைந்தது. லெப்டின் சரிந்தது, கிரெலின் ஏறியது. ஓராண்டு கழித்து அளந்து பார்த்தபோதும் அந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசியும் தணியவில்லை. டயட்டை முடித்து ஒரு வருஷம் ஆகியும் உடம்பு அதை முடித்துக்கொள்ளவில்லை.

இந்தக் கரிசல் காட்டில் குலுக்கையில் தானியம் வைத்துக் காலம் தள்ளிய குடும்பங்கள் இதை எளிதாகப் புரிந்துகொள்ளும். ஐப்பசியில் மழை பொய்த்தது என்று தெரிந்த அன்றைக்கே வீட்டுப் பெரியவள் குலுக்கையின் அடிவாயிலிருந்து எடுக்கும் கம்பின் அளவைக் குறைத்துவிடுவாள். அடுத்த வருஷம் நன்றாக விளைந்தாலும், குலுக்கை பழைய மட்டத்துக்கு வரும்வரை கை தாராளமாகாது. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் செய்வது அதே வேலை. கல்யாணத்துக்காக நீங்கள் சோற்றை நிறுத்தினீர்கள் என்பது அதற்குத் தெரியாது. தானியம் குறைகிறது என்பது மட்டுமே தெரியும்.

உடம்பு தன் ஆற்றல் செலவை எந்த அளவுக்குச் சுருக்குகிறது? அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் அப்போது பணியாற்றிய கெவின் ஹால், தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துத் தேடிப் பிடித்து அளந்தார். 2016-ல் முடிவு வெளிவந்தது. போட்டியின்போது சராசரி 58 கிலோ குறைத்திருந்தார்கள். அதில் 41 கிலோ திரும்பியிருந்தது. ஆனால் உடம்பு ஓய்வில் செலவிடும் ஆற்றல், அந்த எடையுள்ளவருக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே இருந்தது.

பசியின் பக்கம் கணக்கு இன்னும் கடுமை. அதே ஹால் பங்கேற்ற இன்னொரு ஆய்வில், சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் ஒரு நீரிழிவு மருந்தைப் பயன்படுத்தினார்கள். மருந்து எடுத்தவர்களுக்குத் தாங்கள் கலோரி இழப்பது தெரியாது. டயட் இருக்கிறோம் என்ற எண்ணமும் கிடையாது. அப்படியிருந்தும், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்குச் சுமார் 100 கலோரி அதிகமாகச் சாப்பிடத் தூண்டப்பட்டார்கள். ஐந்து கிலோ குறைத்தவரிடம் உடம்பு தினந்தோறும் 500 கலோரி கூடுதலாகக் கேட்கிறது. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்க் கடலை மிட்டாயில் 100 கிராமுக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கிறது. கையில் ஒரு பாக்கெட்டை வைத்துக்கொண்டு, வருஷம் முழுக்க ஒவ்வொரு நாளும் "வேண்டாம்" என்று சொல்லச் சொன்னால் எத்தனை பேரால் முடியும்?

இப்போது பேசப்படும் எடைக்குறைப்பு ஊசிகளும் இதையே உறுதிசெய்கின்றன. செமாகுளூடைடு போன்ற மருந்துகள் குடலிலிருந்து வரும் ஒரு ஹார்மோனைப் போல நடித்துப் பசியை அடக்குகின்றன. நிறுத்தினால்? பெரிய ஆய்வு ஒன்றில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிட்டது. வைராக்கியம் அந்த ஓராண்டில் திடீரென்று தொலைந்துபோய்விடவில்லையே. பசியை மூடியிருந்த மூடி எடுக்கப்பட்டது, அவ்வளவுதான்.

கடும் கட்டுப்பாடு மனத்திலும் ஒரு பொறியை வைக்கிறது. 1975-ல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்ற உளவியலாளர்கள் கல்லூரிப் பெண்களுக்கு மில்க்‌ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமைச் சுவை பார்க்கச் சொல்லி இஷ்டம்போல் சாப்பிட விட்டார்கள். கட்டுப்பாடு இல்லாதவர்கள் மில்க்‌ஷேக் குடித்த அளவுக்கு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் டயட் கணக்கிலேயே இருந்தவர்கள் நேர்மாறாக, மில்க்‌ஷேக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். விதி உடைந்துவிட்டது, இனி என்ன இருக்கிறது என்ற நினைப்பு. நம் பக்கம் இதற்கு "போனது போச்சு" என்பார்கள். காலையில் ஒரு வடை. அதனால் மத்தியானம் முழுச்சோறு. அதனால் ராத்திரி பரோட்டா. அதனால் திங்கட்கிழமை வரை எல்லாம் தள்ளுபடி. வடையில் இருந்த கலோரி சிறிது. அதன்மேல் கட்டப்பட்ட விதி பெரிது.

கரிசல் மண்ணின் தட்டு எப்படி மாறியது என்பதையும் பேசாமல் இது முழுமையாகாது. இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணனைப் படித்தவர்களுக்கு இங்கே ஒரு காலத்தில் கம்பஞ்சோறும் சோளச்சோறும் குதிரைவாலியும்தான் அன்றாடம் என்பது தெரியும். நெல்லுச்சோறு பண்டிகைக்கு. இன்று மூன்று வேளையும் அரிசி: இட்லி, சோறு, தோசை. 2008 செப்டம்பரில் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. மானாவாரிப் பூமியில் மழை தவறிய வருஷங்களில் அந்த அரிசிதான் பசியைத் தடுத்தது. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. குறை, அரிசியோடு சேர வேண்டியது சேராமல் போனதில் இருக்கிறது. கால் தட்டு வெஞ்சனமும் முக்கால் தட்டுச் சோறும் என்றால் பசி இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடும்.

பழையபடி கம்புக்கு மாறினால் போதும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையைப் பார்த்தால், 100 கிராம் கம்பிலும் 100 கிராம் அரிசியிலும் கலோரி கிட்டத்தட்டச் சமம்தான், இரண்டிலும் 350-ஐ ஒட்டியே. வித்தியாசம் நார்ச்சத்தில். கம்பில் 11 கிராமுக்கு மேல், அரிசியில் 3-க்கும் குறைவு. புரதமும் கம்பில் கூடுதல். ஆகவே கம்பு பசியைத் தாங்கும். ஆனால் பாக்கெட் கம்பு மாவை நைசாகக் கரைத்து, சர்க்கரை போட்டுக் குடித்தால் அந்தத் தாங்கும் குணமும் போய்விடும். பாட்டி உரலில் குத்தி, நொய்யும் குருணையுமாக ஆக்கிய கம்பஞ்சோறும் அதுவும் ஒன்றல்ல.

"அந்தக் காலத்தில் உழைத்தார்கள், அதனால் ஒல்லியாக இருந்தார்கள்" என்பதிலும் பாதிதான் உண்மை. தான்சானியாவில் இன்றும் வேட்டையாடிக் கிழங்கு தோண்டி வாழும் ஹட்சா மக்கள் ஒரு நாளில் செலவிடும் மொத்தக் கலோரி, உடல் அளவைக் கணக்கில் எடுத்தால், அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் மேற்கத்தியரைவிட அதிகமில்லை என்று 2012-ல் ஹெர்மன் பான்சர் குழு கண்டது. நடப்பதை அதிகமாக்கினால் உடம்பு வேறெங்கோ செலவைக் குறைத்துவிடுகிறது. நடையால் மட்டும் எடையைக் கரைத்துவிட முடியாது என்பதற்கு இதுதான் காரணம். அப்படியானால் நடை வீணா? இல்லை. தசை சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் திறனை நடை நேரடியாகக் கூட்டுகிறது. குறைந்த எடையைக் காக்கவும் உதவுகிறது.

இந்த இடத்தில்தான் நம் சென்னை ஆய்வு வருகிறது. எடை விஷயத்தில் மனம் தளர்ந்த ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் 2006-ல் வெளியானது. சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த 531 பேர். ஒரு பிரிவுக்கு வாழ்க்கைமுறை ஆலோசனை: தினம் அரை மணி நேரமாவது நடை, சர்க்கரையும் தீட்டிய மாவுப்பொருளும் எண்ணெயும் குறைவு, நார்ச்சத்து அதிகம். ஏறக்குறைய இரண்டரை ஆண்டில், ஆலோசனை பெறாத பிரிவில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது; வாழ்க்கைமுறைப் பிரிவில் 39 சதவீதம். ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. வியப்பு என்னவென்றால், அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. தராசு அசையாமல் நின்றது. உள்ளே ரத்தமும் தசையும் மாறிக்கொண்டிருந்தன. அவர்கள் தராசை மட்டும் நம்பியிருந்தால் மூன்றாம் மாதமே எல்லாவற்றையும் விட்டிருப்பார்கள். 2013-ல் அதே குழு 537 ஆண்களில் பாதிப் பேருக்கு, உணவும் நடையும் பற்றி வாரம் சில குறுஞ்செய்திகள் கைபேசிக்கு அனுப்பியது. இரண்டு ஆண்டில் அவர்களுக்கு நீரிழிவு ஆபத்து 36 சதவீதம் குறைவு.

நமக்கு இது கூடுதல் முக்கியம், ஏனென்றால் நம் உடம்பில் ஆபத்து தராசில் தெரிவதற்கு முன்பே வயிற்றில் தெரிகிறது. புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் பிரிட்டனின் யுட்கினும் 2004-ல் தங்களையே அளந்து காட்டினார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றே, 22.3. பிரிட்டிஷ்காரர் உடம்பில் கொழுப்பு 9 சதவீதம், இந்தியர் உடம்பில் 21. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் எடை கூடியவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஒல்லி என்று நினைத்துக்கொண்டிருக்கும் மீதிப் பேரிலும் பலருக்கு வயிறு இருக்கிறது. ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. இதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். தையல்காரரிடம் இருக்கும் இஞ்ச் டேப் போதும்.

சரி, ஊக்கம் எங்கிருந்து வரும்? டயட் தோற்றவர்கள் அது முதலில் வர வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். என் கருத்தில், நடந்த வேலையின் பலன் கண்ணில் படும்போது பின்னால் வருவது அது. ஆகவே சீக்கிரம் பலன் காட்டக்கூடிய, உடம்பு எதிர்க்காத வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் அன்றைக்கே சர்க்கரை ஏற்றம் தணியும். தொடங்கும்போது படியேற மூச்சு வாங்கியவருக்குச் சில வாரத்தில் அது குறையும். தூக்கம் சரியாகும். இவை எல்லாம் எடைக்கு முன்பே வருபவை. எழுதி வைத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியும்.

லண்டனில் ஃபிலிப்பா லாலி 2010-ல் வெளியிட்ட ஆய்வில் 96 பேர் ஒரு சிறு பழக்கத்தைப் புதிதாகத் தொடங்கினார்கள். தன்னால் நடக்கும் வழக்கமாக அது மாறச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆனால் ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் என்று கணிக்கப்பட்டது. ஒரு நாள் தவறினால் பழக்கம் கலைந்துவிடவில்லை என்பதும் தெரிந்தது. "போனது போச்சு" என்பதற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டாம். போனது அந்த வேளை மட்டும்.

எந்த டயட் நல்லது என்ற சண்டையும் பெரிதாகப் பலனளிக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை வைத்து 2018-ல் கொழுப்புக் குறைந்த உணவையும் மாவுச்சத்துக் குறைந்த உணவையும் ஒப்பிட்டபோது, ஓராண்டில் சராசரியில் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. ஒவ்வொரு பிரிவிலும் சிலர் 25 கிலோவுக்கு மேல் குறைத்தார்கள், சிலருக்கு எடை ஏறியது. சோற்றை நிறுத்தும் பேலியோ முறையில் நன்றாக இருப்பவர் இருக்கட்டும். முடியாதவர் அதைத் தோல்வி என்று சுமக்க வேண்டாம். இந்தியாவுக்கென்று 18,090 பேரின் உணவை ஆராய்ந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு, மாவுச்சத்தை மொத்தக் கலோரியில் பாதிக்கு அருகே கொண்டுவந்து புரதத்தை 20 சதவீதத்தை நெருங்கச் செய்வதே சர்க்கரைக்கு நல்லது என்கிறது. சோற்றை ஒழிக்கச் சொல்லவில்லை. ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் பாசிப்பயறோ தட்டாம்பயறோ முட்டையோ வைப்பதுதான் அதன் பொருள். பாசியும் உளுந்தும் இந்தக் கரிசலிலேயே விளைகின்றன. பருத்திக்கும் கம்புக்கும் ஊடே அவற்றை விதைத்துத்தானே வந்தோம். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் சோற்றைக் குறைக்கும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டும், சர்க்கரை தாழ்ந்துவிடக் கூடாது.

இலக்கையும் சின்னதாக வைக்கலாம். 75 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் தணியத் தொடங்கும். அமெரிக்காவில் 5,145 நீரிழிவுக்காரர்களை வைத்து நடந்த நீண்ட ஆய்வில், தொடர்ந்து ஆலோசனை பெற்ற பிரிவில் பாதிப் பேர் எட்டாம் ஆண்டிலும் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தே இருந்தார்கள். எட்டு ஆண்டு! எடை காக்க முடியாது என்பது பொய். ஆனால் அவர்கள் தனியாக விடப்படவில்லை. மாதந்தோறும் யாரோ ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நம் ஊரில் இதற்கு வழி இருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்யும் பெண்களுக்கு ஜிம்முக்குப் போக நேரமும் இல்லை, பணமும் இல்லை. வெயில் ஏறினால் நடக்க முடியாது, மழை பெய்தால் கரிசல் செருப்போடு அப்பிக்கொள்ளும். ஆனால் அவர்களில் பலர் மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கிறார்கள். தவணை கட்டக் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்திலேயே மாதம் ஒருமுறை இடுப்பளவு எடுத்து நோட்டில் குறிக்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் ஊழியரிடம் அன்றைக்கே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லலாம். மூன்று மணி டீக்கு வடைக்குப் பதில் சுண்டல் என்று பத்துப் பேர் சேர்ந்து முடிவெடுத்தால் கடைக்காரர் சுண்டல் போடுவார். ஒருவர் கேட்டால் போடமாட்டார். அளவு கூடிய மாதம் யாரையும் திட்டக் கூடாது என்பதை மட்டும் முதல் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.